டான்பினைத் தின்றவரின் பேரன்

என் நெஞ்சை விட்டுப் போகாத கோ தெய்ன் அண்ணனுக்கு,

ஜெயித்துவிட்டோம் அண்ணே! நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். வேகமாகச் சொல்கிறேனாம், திட்டுகிறாள்.

உங்கள் தாத்தா மாண்டலே ராஜாவின் படைத்தலைவர். 'நேமியோ தூரா' என்று பட்டம் வாங்கியவர். பட்டம் வந்தால் பிறந்த பேர் போய்விடும், பட்டமே பேர் என்று ரங்கூன் அரிசி மில்லில் மூட்டை தூக்கும்போது எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! அதை உங்கள் கல்லறையில் வெட்ட வேண்டும் என்பதுதானே உங்கள் கடைசி ஆசை?

உங்கள் மகள் சூ அதற்கு ஏற்பாடு செய்யும்போதுதான் மாண்டலேக்காரி டோ மியா கிழவி குண்டைப் போட்டாள். "நேமியோ தூராவா? இங்கிலீஷ்காரன் கப்பலைப் பார்த்ததும் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டு ஓடினவனாச்சே! எங்கப்பா கண்ணால பார்த்தாரு."

சூ அழுதாள். "பட்டம் வேண்டாம் சித்தப்பா, அப்பா பேர் மட்டும் போதும்" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களுக்கு என்ன பதில் சொல்வேன்?

போன ஞாயிறு, சூ குடியிருக்கும் லிட்கம் புறநகரில் அவள் வீட்டு விருந்து. மீன்குழம்பு நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே டோ மியா மறுபடி ஆரம்பித்தாள். "ஊரைத் தின்னத் தெரிஞ்சவனுக்குக் காக்கத் தெரியலையே!"

ராஜா பட்டத்தோடு ஓர் ஊரின் வரியையும் கொடுப்பார். அதைத்தான் ஊரைத் தின்பது என்பார்கள். ஊர் வேறாக இருந்தால் ஆளும் வேறுதானே என்று எனக்குப் பொறி தட்டியது.

"அவன் தின்ன ஊர் எது ஆத்தா?"

"தயெபின்."

"எங்காளு தின்னது டான்பின்!" நீங்கள் சொன்னது மறக்குமா அண்ணே?

கிழவி கரண்டியைக் கீழே வைத்தாள். "டான்பினா? ஐயையோ, அவரு அதுக்கு முந்தியே சண்டையில செத்தவராச்சே! செத்தா பட்டம் ராஜாகிட்டத் திரும்பிடும். அதைத்தான் அந்த ஓடுகாலிக்குக் கொடுத்தாங்க. டான்பின்காரர் இருந்திருந்தா கதவு திறந்திருக்காதுன்னு எங்கப்பா சொல்லிச் சொல்லி மாய்வாரு." சூவின் கையைப் பிடித்தாள். "ஒரே பட்டம்னு ரெண்டு பேரையும் ஒருத்தராக்கிட்டேனே. மன்னிச்சுக்கடி."

"இன்னும் ரெண்டு கிண்ணம் சாப்பிட்டாத்தான் மன்னிப்பு, ஆன்ட்டி" என்றாள் சூ, அழுதுகொண்டே சிரித்து.

இப்போது உங்கள் பேருக்குக் கீழே வெட்டுகிறார்கள்: டான்பினைத் தின்ற நேமியோ தூராவின் பேரன். கல் வெட்டும் வெள்ளைக்காரன், "ஊரையா தின்றார்?" என்று கேட்டானாம். "முழுசாக" என்றாளாம் உங்கள் மகள்.

நம் நிறத்துக்காரர்களை, நாம் வந்து குடியேறிய இந்த வெள்ளைக்கார நாடு உள்ளே விட ஆரம்பித்ததே நேற்றுத்தான். அதன் மண்ணில் பர்மா ராஜா கொடுத்த பட்டம் நிற்கப்போகிறது! தாத்தாவை அங்கே பார்த்தீர்களா அண்ணே? சொல்லிவிட்டீர்களா?

வெட்டி முடிந்த அன்றே வருவேன். எனக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து எழுத்தாக விரலால் தடவி, மயானம் முழுக்கக் கேட்கிற மாதிரி அந்தப் பேரைச் சொல்வேன்.

கூடப் பிறக்காத உங்கள் தம்பி,
மாரிமுத்து