சபர்வால் சாருக்கு ஒரு பிளக்ஸ்

ஆகஸ்ட் 12, 2024
லிங்க்ட்இன்னில் எங்கள் கரியைப் பற்றி எழுதினேன். கரி என்று எழுதவில்லை. 'வறண்ட நிலத்தின் பொறுப்புள்ள எரிபொருள்' என்று எழுதினேன். சீமைக்கருவேல மரத்துக்கே தன்னைப் பற்றி இப்படி ஓர் எண்ணம் இருந்திருக்காது. பார்த்தவர்கள்: நான், என் கணவர் இம்மானுவேல், நாகர்கோவிலில் இன்சூரன்ஸ் விற்கும் ஒருவர்.

ஆகஸ்ட் 14
நிலைமை இதுதான். கரி எடுத்துக்கொண்டிருந்த மதுரை வியாபாரி நிறுத்திவிட்டார். திருச்சுழி ரோட்டு ஷெட்டில் மூட்டைகள் கூரையைத் தொடுகின்றன. மழைக்குள் ஒரு பெரிய ஓட்டல் கம்பெனி பிடிபடாவிட்டால் இம்மானுவேல் மஸ்கட்டுக்குப் போவார். அங்கே ஸ்டோர் கீப்பர் வேலை ஒன்று காத்திருக்கிறது. "ரெண்டு வருசந்தான ஷெரின்" என்கிறார். அப்படிச் சொல்லிப் போன இவர் அண்ணனை, அவருடைய பிள்ளை இன்றுவரை 'ஹலோ' என்றுதான் கூப்பிடுகிறது.

ஆகஸ்ட் 29
பெரிய அதிகாரிகளிடம் எடுத்ததும் விற்கக் கூடாதாம். அவர்கள் எழுதுவதைப் பாராட்டி உறவு வளர்க்க வேண்டுமாம். இணையவழி வகுப்பில் சொன்னார்கள். ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்: சபர்வால், மும்பை ஓட்டல் குழுமம் ஒன்றின் கொள்முதல் துணைத் தலைவர். தினமும் தலைமைப் பண்பு பற்றி எழுதுகிறார். இன்று அவருடைய டிரைவர் அவருக்குப் பணிவைக் கற்றுக்கொடுத்தார். நேற்று பழக்காரர். மும்பையில் அவருக்கு எதையும் கற்றுக்கொடுக்காத ஆள் பாக்கி இருப்பதாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 10
ஒன்றுமில்லை.

செப்டம்பர் 17
மூட்டம் போட்டுக் கரி எடுத்துத் தரும் சோணைமுத்து அண்ணன், எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்திருந்தார்.
"யம்மா, அந்த பம்பாய்க்காரரு வாயத் தொறந்தாரா?"
"லைக் போட்டிருக்காருண்ணே."
"அது எத்தன லோடு?"
"லோடு இல்ல. கட்டவெரலக் காட்டுறது."
"நம்மூருல கட்டவெரலக் காட்டுனா ஒண்ணுமில்லன்னு அர்த்தம்மா."
அங்கேயும் அதுதான்.

அக்டோபர் 5
சபர்வாலின் தகப்பனார் இறந்துவிட்டார். அப்பாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தையும் தன் படத்தையும் போட்டு உருக்கமாக எழுதியிருக்கிறார். கீழே நூற்றுக்கணக்கான பேர் ஒரே வாக்கியத்தில் வருந்தியிருக்கிறார்கள்.
இம்மானுவேல் சொன்னார்: "இதுல நீ எழுதுறத யாரு பாப்பா? பெரிய துக்கம். நாம முறையா ஒரு பிளக்ஸ் வைப்போம்."
"அருப்புக்கோட்டையிலயா?"
"பின்ன, பம்பாயிலயா?"
விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இந்த ஊரில் பிளக்ஸ் விஷயத்தில் யாரும் விளையாடுவதில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு
ஆராதனை முடிந்து காரியாபட்டியில் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும் பஸ்ஸில் போனைத் திறந்தேன். லிங்க்ட்இன்னில் இம்மானுவேல் படம் போட்டிருக்கிறார்: ஷெட் வாசலில் பிளக்ஸ். முன்னால் சோணைமுத்து அண்ணனும் ஆட்களும் கைகட்டி நிற்கிறார்கள். சபர்வாலுக்கு டேக் வேறு.
பிளக்ஸில் மாலை, குத்துவிளக்கு, 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் பெரிதாக — சபர்வால். கீழே வருந்துவோர் வரிசையில் அவருடைய அப்பா, இருபத்தைந்து வயதுக் கறுப்பு மீசையோடு, மகனுக்காக வருந்திக்கொண்டிருந்தார்.
வீட்டுக்கு வந்து கத்தினேன். "பாக்கவே இல்லையா நீங்க?"
"எந்த ஆளு செத்ததுன்னு கடைக்காரர் கேட்டாரு. வயசானவருன்னேன். நரைச்ச தலைய எடுத்து மேல வச்சுட்டாரு."
கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு படத்தில் வயசானவர் சபர்வால்தான்.

அக்டோபர் 7
அழித்தும் பயனில்லை. அதற்குள் படமெடுத்துப் பரப்பிவிட்டார்கள். இரண்டு மாதமாக நான் எட்டிப் பார்க்கக்கூட முடியாத தலைமைச் செயல் அதிகாரிகள், இயக்குநர்கள், அத்தனை பேரும் அஞ்சலி எழுத எங்கள் ஷெட் வாசலில் கூடிவிட்டார்கள். சிலர் நம்பி அவர் வீட்டுக்கே மலர்வளையம் அனுப்பினார்களாம். இம்மானுவேல் சாப்பிடவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எப்படி எழுதினாலும், நீங்கள் உயிரோடிருப்பதற்கு வருந்துகிறோம் என்றே வருது. என்ன செய்ய நான்? எப்படியோ முடித்து அனுப்பினேன்.

அக்டோபர் 9
சபர்வாலே போன் செய்தார். கோபமில்லை. தன்னைப் பற்றி இத்தனை பேர் நல்லபடியாக எழுதி அவர் பார்த்ததில்லையாம். துணிந்து கரியைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் ஓட்டல்களில் கரி அடுப்பை எடுத்து வருடக்கணக்காகிறது, எல்லாம் கேஸ் என்றார்.
பிறகு கேட்டார்: மன்னிப்புக் கடிதம் எழுதியது யார்? நான்தான். தனக்கு எழுதித் தர முடியுமா, தினம் ஒரு லிங்க்ட்இன் பதிவு? முன்பு எழுதியவர் வேலையை விட்டுவிட்டாராம்.
அப்படியானால் பணிவு கற்றுக்கொடுத்த அந்த டிரைவர்? கேட்கவில்லை. சரி என்றேன்.

அக்டோபர் 17
மழை. ஷெட் ஒழுகுகிறது.

அக்டோபர் 28
மஸ்கட் விசா வந்துவிட்டது. சபர்வால் தருவது வீட்டுக்குக் காணும், நனைந்த கரிக்குக் காணாது. இம்மானுவேல் கூட்டிக் கழித்துச் சொன்னார், தலையாட்டினேன். போகாதீகன்னு ஒரு வார்த்தை சொல்லலையே நான். சொல்லி? மழையிடமும் யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 20, 2025
'சிறிய ஊர்களின் தொழில்முனைவோர் நம் கதவைத் தட்டும்போது திறப்பவரே தலைவர்' என்று இன்று சபர்வாலாக எழுதினேன். நன்றாக ஓடுகிறது. இயக்குநர்கள் கைதட்டுகிறார்கள்.
மஸ்கட்டில் இம்மானுவேலுக்கு வேலை நேரத்தில் போன் கூடாதாம். ஸ்டோர் கம்ப்யூட்டரில் லிங்க்ட்இன் மட்டும் திறக்குமாம். மதியம் பார்த்தால், ஆங்கிலப் பாராட்டுகளுக்கு நடுவே தமிழில் ஒரு வரி: "சாப்ட்டாச்சா சார்?"
பெரிய அதிகாரிகள் இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை.
"ஆச்சு. நீங்க?" என்று சபர்வால் சொன்னார்.