தம்பிக்கும் சேர்த்துச் சொன்ன பொய்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அங்கே நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, உடம்பு மூன்றும் நலம்தான், அதில் பொய்யில்லை, மற்றதைக் கீழே எழுதுகிறேன், பதறாமல் படி. வாரம் தவறாமல் ஃபோனில் பேசுகிற அப்பா திடீரென்று கடிதம் எழுதுகிறாரே என்று நினைப்பாய். என்ன செய்வது, இரண்டு அறை வீட்டில் எதைப் பேசினாலும் உன் பெரியவள் காதில் விழுந்துவிடுகிறது. அவளுக்கு வயதுதான் ஏழு, காது ஒரு மாமியாருடைய காது. அதனால் பள்ளிக்கூட வாசலில், காவல்காரர் போட்டுக் கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து எழுதுகிறேன். பெரியவளும் சின்னவனும் உள்ளே வகுப்பில் இருக்கிறார்கள். காலையில் கொண்டுவந்து விட்டதிலிருந்து சாயங்காலம் மணி அடிக்கும் வரைக்கும் நான் இந்த வாசலை விட்டு நகர்வதில்லை. ஏன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் நல்ல செய்தி. பெரியவள் பாட்டுப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள், முதலாவதாக வந்த பெண் மூக்கால் பாடினாள் என்று இன்னும் பொருமிக்கொண்டிருக்கிறாள். சின்னவனுக்கு முன்பல் ஆடுகிறது, அதை நாக்கால் தள்ளித் தள்ளி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறான். சாப்பாடு நீ சொன்னபடிதான் நடக்கிறது, வேர்க்கடலை முந்திரி பாதாம் எதுவும் நம் வாசற்படி தாண்டுவதில்லை. எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் நான் வாங்குவதில்லை, ஒரு பூதக்கண்ணாடியும் சேர்த்துக் கட்டித் தரட்டுமா சார் என்று கடைக்காரர் கேலி செய்கிறார். பிறந்தநாள் விருந்து என்று யார் கூப்பிட்டாலும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன், இப்போதெல்லாம் கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. பெரியவளுக்கு அலர்ஜி வந்தால் உடனே தொடையில் குத்துகிற பேனா ஊசி இருக்கிற பை எந்நேரமும் என் தோளில்தான். கண்டக்டர் பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தேன், நீ வேறு பை மாட்டிவிட்டாய். அந்தப் பையோடு ஊர் பூராவும் சுற்றினேன், வெயில் மழை சண்டை சச்சரவு எல்லாம் பார்த்தேன். இந்தப் பையோடு மாடிப்படி, பள்ளிக்கூடம், மறுபடியும் மாடிப்படி. கோபித்துக்கொள்ளாதே, உன் பிள்ளைகள் எனக்குப் பாரமில்லை. ஆனால் மூச்சு முட்டுகிறது அம்மாடி, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் போய்ச் சொல்வேன்.

நீ வேலைக்காக அங்கே கிளம்பும்போது செய்துவிட்டுப் போன ஏற்பாட்டிலிருந்துதான் எல்லாம் வந்தது. சின்னவனுக்கு ஒரு அலர்ஜியும் கிடையாது, கடலையைக் கொட்டி வைத்தாலும் தின்று தீர்ப்பான். ஆனாலும் அக்காவுக்கு ஆகாதது உனக்கும் ஆகாது என்று அவனுக்குச் சொல்லி வைத்தோம். அவள் ஒருத்தி மட்டும் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, துணைக்கு ஒரு ஆள் இருந்தால் ஏக்கம் தெரியாது என்றாய், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரே சமையல், ஒரே மாதிரி டப்பா, வசதியும்கூட. நீயும் ஒவ்வொரு ஃபோனிலும், தம்பி, நீயும் தொடக் கூடாதுடா கண்ணா, உனக்கும் மூச்சு நின்னுடும் என்று சொல்லிக்கொண்டே வந்தாய். அவன் அதைப் பட்டம் வாங்கின மாதிரி எடுத்துக்கொண்டான். புதிதாக யாரைப் பார்த்தாலும் தன் பேரைச் சொல்வதற்கு முன்னால், எனக்கும் அக்காவுக்கும் கடலை ஆகாது என்பான். அக்காவுக்குக் கையில் சொட்டு வைத்துச் சோதனை பண்ணினபோது எனக்கும் வை என்று அடம்பிடித்தான், நம் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பேனாவால் அவன் கையில் ஒரு புள்ளி வைத்து, ஆமாண்டா ராஜா, உனக்கும்தான் ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் புள்ளி அழிந்துவிடக் கூடாது என்று குளிக்க மாட்டேன் என்றவன் அவன்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். குளத்தைச் சுற்றிச் சின்ன ரயில் ஓடுமே, அந்தப் பூங்காதான். எத்தனையோ வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிவிட்டு அன்றைக்கு எனக்கே வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்தே ரொட்டியும் பழமும் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். ரயிலில் சின்னவன் பக்கத்தில் அவன் வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான், இரண்டும் ஆடுகிற பல்லைக் காட்டிக் காட்டிச் சிநேகிதமாகிவிட்டன. அந்தப் பையன் ஒரு சாக்லேட்டைப் பிட்டுக் கொடுத்திருக்கிறான், பேச்சு சுவாரசியத்தில் இவன் வாயில் போட்டு விழுங்கியும் விட்டான். அப்புறம்தான் அந்தக் காகிதத்தில் கடலைப் படம் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறான். என்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டாமா? திட்டு விழும் என்று பயந்துகொண்டு சறுக்குமரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினால் பெரியவள் கையில் அவனுடைய சிவப்புக் கார் இருக்கிறது, யாரையும் தொட விடமாட்டானே, அந்தக் கார். தம்பி எனக்கே எனக்குன்னு குடுத்துட்டான் தாத்தா, ஏன்னு கேட்டா அழறான் என்றாள். நான் சறுக்குமரத்துக்கு ஓடினேன், அவளும் கூடவே ஓடிவந்தாள். அவள் குனிந்து அவன் வாயை முகர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான், ஐயோ தாத்தா கடலை தின்னுட்டான், ஊசி, ஊசி என்று என் தோளிலிருந்த பையைப் பிடுங்கி, பேனா ஊசியை எடுத்து, மூடியைக் கழற்றி அவன் தொடையில் வைக்கப் போய்விட்டாள். நீதானே அவளுக்கு மருந்தில்லாத வெற்றுப் பேனாவை வைத்துப் பழக்கினாய்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடுங்க தாத்தா, லேட்டானா செத்துடுவான் என்று கத்துகிறாள், என் கையைக் கடிக்கிறாள், தழும்பு இன்னும் இருக்கிறது. பயத்தில் சின்னவனுக்கு நிஜமாகவே மூச்சு வாங்குகிறது, எனக்கே ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது, பிள்ளையைக் காப்பாற்ற விடாமல் இந்த ஆள் ஊசியைப் பிடுங்குகிறானே என்று ஒரு அம்மாள் என்னை அடிக்கவே வந்துவிட்டாள். இழுபறியில் ஊசி புல்லில் பாய்ந்து மருந்தெல்லாம் வீணாயிற்று. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள், போச்சு, தம்பி போயிட்டான் என்று. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு யாரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும் சொல்லு. அவனுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, அவனுக்கு அலர்ஜியே கிடையாது, உனக்குத் துணையா இருக்கட்டும்னு அம்மாவும் நானும் சும்மா சொன்னோம் என்று போட்டு உடைத்துவிட்டேன். சின்னவன் எழுந்து உட்கார்ந்தான், கண்ணீரும் சளியுமாக, அப்ப நான் கடலை போட்ட ஐஸ்கிரீம் சாப்பிடலாமா என்றான். கூட்டம் சிரித்துக் கலைந்தது. வாங்கிக் கொடுத்தேன், மூக்கு நுனி வரைக்கும் அப்பிக்கொண்டு தின்றான், பாவம், அவனுக்கு வந்த ஆசையைப் பார்க்க வேண்டுமே. பெரியவள் அவன் தின்று முடிக்கும் வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ஏங்குகிறாள் என்று நினைத்தேன். ஏக்கமில்லை, அவனுக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்திருக்கிறாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டாள், அப்ப எனக்கும் சும்மாதான் சொன்னீங்களா என்று. ஐயையோ, உனக்கு நிஜம்மா, மூணு வயசுல உனக்கு மூச்சே நின்னுபோச்சு என்றேன். எனக்கு ஞாபகமே இல்லையே, நீங்க பாத்தீங்களா என்றாள். நான் அன்றைக்கு டியூட்டியில் இருந்தேன், மாப்பிள்ளையும் வெளியூர் வேலையில் இருந்தார், நீ ஒருத்திதானே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாக்கலம்மா என்று உள்ளதைச் சொன்னேன். சரி என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாளே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன், புது ஊசியும் வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் பொறுமையாகப் படம் போட்டெல்லாம் விளக்கினார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உன் மகள், நீங்கதானே தம்பி கையில புள்ளி வச்சீங்க என்றாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் உனக்கு ஃபோன் போட்டேன். நடந்ததைச் சொன்னால் நீ அங்கே பதறுவாய் என்று, பிள்ளைக்கு ஏதோ சந்தேகம், நீயே ஒரு தடவை சொல்லு என்று மட்டும் சொல்லி அவள் கையில் கொடுத்தேன். நீயும் அழகாகத்தான் சொன்னாய், அவளும் சரிம்மா சரிம்மா என்றாள், உனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, அம்மா இதே ஃபோன்லதானே தாத்தா தம்பிக்கும் சொன்னாங்க என்றாள். சண்டைக்காகச் சொல்லவில்லை, கோபமும் இல்லை, கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி சொன்னாள்.

முந்தாநாள் காலையில் அவள் பென்சில் பெட்டியில் ரப்பருக்கு அடியில் ஒரு வேர்க்கடலை இருந்தது. ஓட்டோடுதான், இன்னும் உரிக்கவில்லை. கூடப் படிக்கிற பிள்ளையிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள், தின்று பார்க்கத்தான். அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பெட்டியைக் கழுவி, அவள் கையை நாலு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன், கத்தினேன், அடிக்கக்கூடக் கை ஓங்கினேன். அவள் அழவில்லை. வேற கிடைக்கும் தாத்தா, எல்லாக் கடையிலயும் இருக்கு என்றாள். அன்றிலிருந்து நான் இந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி பை, டப்பா, சாக்ஸ் முதற்கொண்டு சோதனை போடுகிறேன், சாப்பாட்டு மணி அடித்தால் உள்ளே போய் அவள் எதிரில் நிற்கிறேன். டீச்சர் பாவம், அவளை முன் பெஞ்சில் உட்கார வைத்துக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்கிறார். எத்தனை நாளைக்கு? நான் கடைக்குப் போகவில்லை, குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை, கண்ணயர்ந்தால் திடுக்கென்று விழிப்பு வந்துவிடுகிறது. வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். அவளைப் பூட்டி வைக்கிறேனா என்னைப் பூட்டிக்கொள்கிறேனா என்றே தெரியவில்லை. சின்னவனும் பாவம், இப்போது எது வேண்டுமானாலும் தின்னலாம், ஆனால் அக்கா முன்னால் ஒரு பிஸ்கட்டைக்கூட எடுக்க அவனுக்குக் கை வரவில்லை.

கம்பெனியில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், யோசித்துச் சொல்கிறேன் அப்பா என்றாய். நீ யோசிக்கிறேன் என்றால் முடிவு பண்ணிவிட்டாய் என்று அர்த்தம், உன்னைப் பெற்றவனுக்குத் தெரியாதா? நான் குறுக்கே நிற்கக் கூடாது என்றுதான் இருந்தேன். இனிமேல் முடியாது. நேற்று அவளை மடியில் உட்கார வைத்து, நான் என்னதான் செய்யணும் சொல்லும்மா என்று கேட்டேன், கேட்கும்போது அழுதுவிட்டேன், வெட்கம்தான், பரவாயில்லை. என் கண்ணைத் துடைத்துவிட்டு, அம்மா வந்து என் பக்கத்துல உக்காந்து, அன்னிக்கு எனக்கு என்ன ஆச்சுன்னு முழுசா சொல்லட்டும், நம்பறேன் என்றாள். அதுவரைக்கும் கடலையைத் தொட மாட்டேன்னு தாத்தா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு என்றேன். அம்மா எப்ப வர்றாங்கன்னு மொதல்ல சொல்லுங்க, அப்புறம் சொல்றேன் என்றாள்.

நீ வா அம்மா. விடுமுறை போட்டு வருவாயோ வேலையை விட்டு வருவாயோ, மாப்பிள்ளை கூட வருவாரோ மாட்டாரோ, அதையெல்லாம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். அவள் உன் பிள்ளை, பொறுத்திரு என்றால் பொறுத்திருப்பாள், ஆனால் ஏழு வயதுக்கு எவ்வளவு பொறுமை இருக்கும் என்று நீயே பார்த்துக்கொள்.

உங்கள் இருவருக்கும் என் பரிபூரண ஆசீர்வாதம், நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் நீடூழி இருங்கள். வேளைக்குச் சாப்பிடு, ஒரு வேளை விட்டாலும் உனக்குத் தலைவலி வந்துவிடும். வரும்போது பேனா ஊசி இரண்டு வாங்கி வா, கையில் இப்போது ஒன்றுதான் இருக்கிறது. இன்னும் ஒன்றே ஒன்று. கடிதம் கிடைத்ததும் ஃபோன் பண்ணுவாய், தேதியை என்னிடம் சொல்லாதே, அவளிடமே சொல். வர முடியாத தேதியை மட்டும் சொல்லிவிடாதே.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
அப்பா