சக்கர நாற்காலிக்கான சாய்வுப் பலகையைக் கழற்றச் சொன்னது குறித்து

அனுப்புநர்
மு. அலாவுதீன்,
ஏரிக்கு மேல்புறம்,
கொடைக்கானல்.

பெறுநர்
உயர்திரு மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
மோட்டார் வாகனப் பதிவுப் பிரிவு.

பொருள்: மலேசியாவிலிருந்து கொண்டுவந்த கார் – ஒவ்வொரு சோதனையிலும் புதிதாக ஒரு பாகத்தை மாற்றச் சொல்வது – கடைசியாகச் சாய்வுப் பலகையையும் அகற்றச் சொன்னது – அந்த உத்தரவை நிறுத்திவைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நான் ஈப்போ நகரில் உணவுக்கடை நடத்திவிட்டு, சென்ற ஆண்டு மனைவி சபுராவுடன் ஊர் திரும்பியவன். அங்கே மாடிப்படியில் தவறி விழுந்ததில் என் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. முதுகில் கம்பி வைத்திருப்பதால் ஜீப்பிலோ டாக்சியிலோ மடங்கி உட்கார முடியாது. நாற்காலியோடு அப்படியே உருட்டி ஏற்றும்படி பின்கதவில் சாய்வுப் பலகை வைத்த கார் ஒன்றை அங்கேயே வாங்கியிருந்தோம். நாடு திரும்புவோருக்கான விதிப்படி, சுங்கம் கட்டி, அதையும் கொண்டுவந்தோம். விமான நிலையத்திலிருந்து ஆம்புலன்ஸில் படுத்தபடி மலையேறிய என் மனைவி, இனி நோயாளி மாதிரி எங்கேயும் போகமாட்டேன், நம் காரில்தான் போவேன் என்றார்.

2. நாங்கள் திரும்பியதே என் மாமியார் ஆலிமா பீவிக்காகத்தான். அவர் தாண்டிக்குடியில் மகன் அஸீம் வீட்டில் படுக்கையாக இருந்தார். மலைக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் தாய். நடுவில் பதிவு எண் இல்லாத ஒரு கார். "என்ன மாப்ள, வண்டிக்குப் பேப்பர் வந்திருச்சா? வெரசா கூட்டியாங்க, எனக்கு மூச்சு முட்டிக்கிட்டுக் கெடக்கு" என்று போனில் கேட்பார். அடுத்த மாதம் வந்துவிடும் என்பேன். ஒவ்வொரு முறையும் நம்பித்தான் சொன்னேன்.

3. முதல் சோதனையில் கண்ணாடிகளின் கருநிறம் கூடாது என்றார்கள், மாற்றினேன். அடுத்ததில் டயர்களில் நம் நாட்டு முத்திரை இல்லை என்றார்கள், நான்கையும் மாற்றினேன். எதையும் நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் முதல் நாளே எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒரே கப்பலில் வரவழைத்திருப்பேன். இங்கே ஒரு சிறு பரோட்டாக் கடை போட வைத்திருந்த பணம் கண்ணாடியாகவும் டயராகவும் போய்விட்டது.

4. அதற்கடுத்து நடந்தது எங்கள் பக்கத்துப் பிழை. ஒளிக்கமாட்டேன். மேகம் இறங்கினால் வெள்ளை வெளிச்சம் உதவாது என்பதால் இங்கே முகப்பு விளக்கில் மஞ்சள் தாள் ஒட்டுவது வழக்கம். டயர் மாற்றிய மெக்கானிக் சண்முகராஜ், காசு வாங்காமல் அன்போடு அதையும் ஒட்டிவிட்டார். "மஞ்ச ஒட்டாத வண்டிய பனிக்குள்ள எப்படிண்ணே அனுப்புறது" என்றார். விளக்கின் நிறம் தயாரிப்பாளர் சான்றிதழில் உள்ளபடி இல்லை என்று ஆய்வாளர் திருப்பி அனுப்பினார். சூடு காட்டித் தாளை உரித்ததில் விளக்கின் முகம் புகைபடிந்ததுபோல் மங்கிவிட்டது. அந்த விளக்கு இந்தியாவில் கிடைக்காது. தனியாகவும் தரமாட்டார்கள், முழு ஜோடியாகத்தான் வரவேண்டும். அது வந்து சேர மழைக்காலமே வந்துவிட்டது. சண்முகராஜ் இன்றுவரை என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்.

5. புதிய விளக்குகளைப் பொருத்திச் சோதனைக்குக் காத்திருந்தபோது, இம்மாத இரண்டாம் சனிக்கிழமை காலையில் மாமியார் இறந்துவிட்டார். எங்கள் வழக்கத்தில் மையித்தை நெடுநேரம் வைத்திருக்கமாட்டார்கள். துறைமுகத்திலிருந்து காரைக் கொண்டுவரத் தந்த தற்காலிக அனுமதி எப்போதோ முடிந்திருந்தது. பதிவாகும்வரை சாலையில் ஓட்டமாட்டேன் என்று கையெழுத்திட்டும் கொடுத்திருந்தேன். ஆய்வாளரைப் போனில் அழைத்தேன். மிகவும் வருத்தப்பட்டார், விடுமுறை நாளில் அனுமதி தரத் தமக்கு அதிகாரமில்லை என்றார். ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் நடந்த ஒரு விபத்துக்குப் போயிருந்தது. என் மனைவி வெள்ளைப் புடவை உடுத்தி, காருக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் காத்திருந்தார். நான் சாவியை எடுத்தேன். "எழுதிக் குடுத்துட்டீங்க, மீற வேணாங்க" என்று அவர்தான் தடுத்தார்.

6. பிற்பகல் அஸர் தொழுகை வரை அஸீம் அடக்கத்தைத் தள்ளிவைத்தார். அதற்கு மேல் முடியவில்லை. ஆம்புலன்ஸில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கபர்ஸ்தானிலிருந்து ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். என் மனைவி தன் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. தாயின் கட்டில் இருந்த அறையின் வாசல் குறுகலாக இருந்ததால் ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுபோகவும் முடியவில்லை.

7. அதற்கடுத்த சோதனையில் விளக்குகள் சரி என்றார்கள். ஆனால் சாய்வுப் பலகை தயாரிப்பாளர் சான்றிதழில் இல்லையாம். அதை அகற்றி, கம்பெனி இருக்கையை வரவழைத்துப் பொருத்த வேண்டுமாம். அம்மா, அந்தப் பலகைக்காகத்தான் அந்தக் கார். அதைக் கழற்றிய பிறகு அந்தக் கார் எங்களுக்கு எதற்கு?

8. ஆகவே, மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வாகனமாக அதைப் பலகையோடு பதிவு செய்ய உத்தரவிட வேண்டுகிறேன். இன்னும் குறை இருந்தால் அனைத்தையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், கடன்பட்டாவது மாற்றுகிறேன். மாமியாருக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா அடுத்த மாதம் ஓதப்படும். அந்த அறைவாசலை அஸீம் இடித்து அகலமாக்கிவிட்டார். சபுரா அன்று தன் நாற்காலியிலேயே உள்ளே போய், தாயின் கட்டிலருகே இருந்துவிட்டு வர நினைக்கிறார்.

9. இவ்வளவு நடந்தும் அவர் என்மீது ஒரு குறை சொல்லவில்லை. அன்றைக்கு ஓட்டியிருக்கலாமே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு நெஞ்சுப் பாரம் குறைந்திருக்கும். இந்த முறையும் ஆம்புலன்ஸில்தான் போகவேண்டும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

இடம்: கொடைக்கானல்
நாள்: 28.10.2024

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மு. அலாவுதீன்