கல்லறை மேட்டில் விழுந்த புள்ளி

அனுப்புநர்:
ஜெசினா லுமாபஸ்,
உளவியல் ஆசிரியை,
பகுதாஸ் நகரக் கல்லூரி,
சந்தைத் தெரு, பகுதாஸ்.

பெறுநர்:
உயர்திரு மாகாணக் கல்வி அலுவலர் அவர்கள்,
மாகாணக் கல்வி அலுவலகம்,
துறைமுகச் சாலை, பகுதாஸ்.

பொருள்: உளவியல் ஆசிரியர்களின் இணைய வரைபடத்தில் உள்ள ஒரு புள்ளியை ஆதாரமாகக் கொண்டு, தலினோக் தீவுக் கல்லூரி ஆசிரியை திருமதி மெர்லித்தா ஓமண்டக் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் கைவிடக் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் குறிப்பாணைகள் இரண்டு. முதலாவது ஆகஸ்ட் 19 தேதியிட்டு அவருக்கு. இரண்டாவது செப்டம்பர் 4 தேதியிட்டு எனக்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தலினோக் தீவுக் கல்லூரியில் உளவியல் கற்பிக்கும் திருமதி ஓமண்டக், பணியிடத்தில் இருப்பதில்லை என்று முதல் குறிப்பாணை கூறுகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட வரைபடத்தை உருவாக்கியவள் நான். செப்டம்பர் 25க்குள் அவருடைய விளக்கம் வந்து சேராவிட்டால், அவருடைய ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றும் அதில் உள்ளது. அந்தத் தீவில் வேறு உளவியல் ஆசிரியர் கிடையாது. அவர் போனால் பாடமும் போய்விடும். ஆகவே யாரும் கேட்காமலே நான் இதை எழுதுகிறேன். நான் மிகவும் குழம்பிப் போயிருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழப்பத்தைப் பற்றி வகுப்பில் இரண்டு மணி நேரம் நிற்காமல் பேசக்கூடியவள் நான். எனக்கே வந்தபோது அதில் ஒரு வார்த்தையும் உதவவில்லை.

2. நம் மாகாணத்தில் ஒரு கல்லூரிக்கு ஓர் உளவியல் ஆசிரியர்தான். கணித ஆசிரியருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து அறையில் இன்னொரு கணித ஆசிரியர் இருப்பார். எங்களுக்குச் சந்தேகம் வந்தால் சுவரைத்தான் கேட்க வேண்டும். ஊரிலோ எங்களை மனதைப் படிக்கிறவர்கள் என்று நினைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சண்டையில் எந்தச் சேவல் ஜெயிக்கும் என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. இப்படித் தீவுக்கு ஒருவராகத் தனித்துக் கிடக்கும் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளட்டும் என்றுதான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த வரைபடத்தைத் தொடங்கினேன். கைபேசியில் பக்கத்தைத் திறந்து பச்சைப் பொத்தானை அழுத்தினால், அழுத்தியவர் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி விழும். புள்ளியைத் தொட்டால் அவர் பெயர், நடத்தும் பாடம், அவருக்கு என்ன தேவை, அவரால் என்ன தர முடியும் என்பதெல்லாம் வரும். இன்று அறுபத்து மூன்று பேர் இருக்கிறோம்.

3. அந்தப் பக்கத்தின் தலையில் நான் ஒரு வரி எழுதியிருந்தேன்: சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் நின்றுகொண்டு பொத்தானை அழுத்தவும். அழுத்தியது பாதியில் நின்றுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். சிக்னல் கிடைக்கும் இடம் வேறு, வேலை பார்க்கும் இடம் வேறு என்று நம் தீவுகளில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆகவே எல்லோரும் நான் சொன்னபடியே செய்தார்கள். ஒருவர் மாதா கோயில் மணிக்கூண்டில் ஏறி அழுத்தினார். நால்வர் படகுத்துறையின் கடைசிக் கம்பத்தருகே வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் ஐஸ் தொழிற்சாலையின் கூரையில் இருக்கிறார். பதினொரு பேர் நடுக்கடலில் இருக்கிறார்கள், ஏனென்றால் பயணக் கப்பல் அந்த இடத்தைக் கடக்கும்போது இரண்டு கரைகளின் கைபேசிக் கோபுரங்களும் கைக்கு எட்டும். பார்த்துப் பார்த்து ஒரு வாரம் சிரித்தோம். பிறகு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஓர் ஆசிரியரைத் தொடர்புகொள்ள வேண்டுமென்றால் அவர் அகப்படுவது அந்த இடத்தில்தானே. வெளியாள் ஒருவர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இது என் தவறு. ஒத்துக்கொள்கிறேன்.

4. திருமதி ஓமண்டக் சேர விரும்பவில்லை. நான்தான் விடாமல் நச்சரித்தேன். சந்தைக்கு வந்திருந்தவரை மீன் வரிசையில் மடக்கிப் பேசினேன். "மேம், என்னை எதுக்குப் படத்துல போடறீங்க? என்னைத் தேடி யாரு வரப் போறா?" என்றார். அந்தக் கேள்வி இப்போது என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. தேடி வந்தது தங்கள் அலுவலகம்.

5. தலினோக் கல்லூரி, நகராட்சிக் கட்டடத்தின் பின்னால் கடலைப் பார்த்த இரண்டு அறைகள். அதற்கும் கோபுரத்துக்கும் நடுவில் மலை இருக்கிறது. அங்கே கைபேசி நேரம் பார்க்க மட்டும் பயன்படும். தீவிலேயே சிக்னல் கிடைப்பது மலையுச்சியில் உள்ள கல்லறை மேட்டில்தான். படகுக்காரர் தேபான் அண்ணன் இதைப் பற்றிச் சொல்வது: "எங்க ஊர்ல செத்தவங்களுக்குத்தான் மேம் நாலு கம்பி சிக்னல். உசிரோட இருக்கறவன் மேல ஏறி அவங்ககிட்ட கடன் வாங்கணும்." திருமதி ஓமண்டக் தினமும் வகுப்பு முடிந்தபின் நாலு மணிக்கு மேல் ஏறுவார். வில்யாஃப்ளோர் குடும்பத்துக் கல்லறைமீது உட்காருவார். குடும்பத்தாரிடம் முறையாகக் கேட்டிருக்கிறார். உள்ளே இருப்பவர்களிடமும் ஒவ்வொரு நாளும் 'தாபி, தாபி' என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார். சனிக்கிழமைதோறும் அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறார். பச்சைப் பொத்தானை அவர் அழுத்தியதும் அங்கேதான். கல்லூரியிலிருந்து அது இரண்டேகால் கிலோமீட்டர் என்று தங்கள் குறிப்பாணை அளந்திருக்கிறது. அளவு சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

6. அந்தக் கல்லறைமீது உட்கார்ந்து அவர் என்ன செய்தார் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். மணிச் சத்தம் கேட்டதும் நாய்க்கு எச்சில் ஊறும் பாடத்தை, நாயும் சோதனைக்கூடமும் இல்லாமல் எப்படி நடத்துவது என்று வரைபடத்தில் கேட்டார். ஐஸ் தொழிற்சாலைக் கூரைக்காரர் பதில் எழுதினார். கப்பல் சங்கு ஊதியதும் படகுத்துறையில் வறுகடலைக்காரர்கள் தங்களையறியாமல் எழுந்து கூடையைத் தூக்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்றார். காட்டினார். இப்போது ஆறு கல்லூரிகளில் அதுதான் பாடம். கடந்த டிசம்பர் புயலுக்குப் பிறகு அவருடைய மாணவர்கள் காற்று வீசினாலே மேசைக்கடியில் போய் உட்கார்ந்தார்கள். நான் சிகிச்சை தருபவள் இல்லை, பாடம் நடத்துகிறவள், என்ன செய்யட்டும் என்று அவர் எழுதினார். ஒரே நாளில் எட்டுப் பேர் பதில் போட்டார்கள். அதில் மூன்று பேர் கடலில் இருந்தவர்கள். ஒருவர் தமக்குத் தெரிந்த மருத்துவரையே அடுத்த வாரம் படகில் அனுப்பி வைத்தார். இதெல்லாம் நடந்தது, தாங்கள் பணியிடம் அல்ல என்று சொல்லும் இடத்திலிருந்து.

7. இனி என் குழப்பத்துக்கு வருகிறேன். விளக்கத்தை இணையப் படிவத்தில் மட்டுமே தர வேண்டும், அதுவும் இருப்பிடம் காட்டும் வசதியை இயக்கி, பணியிடத்திலிருந்தே தர வேண்டும் என்று குறிப்பாணை சொல்கிறது. கல்லூரியில் படிவம் திறக்கவில்லை. கல்லறை மேட்டில் திறந்தது. எல்லாவற்றையும் எழுதி முடித்து அனுப்பும்போது, 'நீங்கள் பணியிடத்தில் இல்லை' என்று ஒரு சிவப்புப் பட்டை வந்து படிவம் மூடிக்கொண்டது. ஐந்து முறை முயன்றிருக்கிறார். ஐந்து முறையும் பணியிடத்தில் இல்லாத குற்றத்துக்குப் புதிய சான்றாகப் பதிவாகியிருக்கிறது. அன்று என்னை அழைத்தார். "மேம், கல்லூரியில இருந்தா பதில் போகாது. பதில் போற இடத்துல இருந்தா நான் கல்லூரியில இல்ல. அப்ப நான் எங்கதான் மேம் இருக்கேன்?" என்றார். பத்தொன்பது ஆண்டு ஆசிரியப் பணியில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் எனக்குப் பதில் தெரியாதது இதுதான். அழுதேன்.

8. தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். நான்காம் எண் சாளரத்தில் இருந்தவர் அன்பாகத்தான் பேசினார். "மேம், படத்துல இருக்கறதைத்தான் நாங்க பாக்க முடியும். ஆளை எப்படிப் பாக்கறது?" என்றார். படத்தை வரைந்தவளே நான்தான், படம் தவறு என்று நானே சொல்கிறேன் என்றேன். படத்தை வரைந்தவர் சொல்வதை ஏற்க அதிகாரம் ஏழாம் எண் சாளரத்துக்குத்தான் என்றார். ஏழாம் எண் சாளரத்தில், அது ஆசிரியர் சம்பந்தப்பட்டது, நான்காம் எண்ணுக்குப் போங்கள் என்றார்கள். இரண்டு சாளரங்களுக்கும் நடுவில் ஒரு நீள பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்து நான் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டேன். அந்தப் பெஞ்சு எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

9. வீட்டுக்கு வந்து, தவறைச் செய்தவளே திருத்திவிடலாம் என்று நினைத்து, அவருடைய புள்ளியைக் கல்லறை மேட்டிலிருந்து எடுத்துக் கல்லூரி வாசலில் வைத்தேன். மூன்றாம் நாள், பார்வையில் கண்ட இரண்டாவது குறிப்பாணை எனக்கு வந்தது. விசாரணையில் உள்ள ஆதாரத்தை மாற்றினேனாம். உடனே பழைய இடத்திலேயே திரும்ப வைத்தேன். அதற்கும் ஏதாவது வருமோ என்று பயந்துகொண்டிருக்கிறேன். கடலில் நிற்கும் பதினொரு பேருக்கும் குறிப்பாணை வருமா, வந்தால் எந்த முகவரிக்கு வரும் என்று அவர்கள் தினமும் என்னைக் கேட்கிறார்கள்.

10. ஒன்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கடந்த ஏப்ரலில் தங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் தலினோக் கல்லூரிக்கு வந்தார். திருமதி ஓமண்டக்கின் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். ஆசிரியை பணியிடத்தில் இருக்கிறார், வகுப்பு நன்று என்று அறிக்கை எழுதினார். அதை அனுப்பக் கல்லூரியில் சிக்னல் இல்லை. திருமதி ஓமண்டக் தம் குடையைப் பிடித்து, அவரை மேட்டுக்கு அழைத்துப்போனார். வில்யாஃப்ளோர் கல்லறைமீது உட்கார்ந்துதான் அவர் அதை அனுப்பினார். அந்த அறிக்கை தங்கள் அலுவலகக் கணினியில் இருக்கும். எங்கிருந்து வந்தது என்பதும் அதிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் நல்ல மனிதர். பெயரைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த விருப்பமில்லை. அவருக்குக் குறிப்பாணை ஏதும் போகவில்லை என்று அறிந்து மகிழ்ச்சி அடைகிறேன். அதே மகிழ்ச்சியை இன்னொருவருக்கும் தரலாமே என்றுதான் கேட்கிறேன்.

11. ஆகவே ஐயா, திருமதி ஓமண்டக் தம் கைப்பட எழுதிய விளக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். கல்லூரி வகுப்பறையில் மேசைமீது வைத்து எழுதியது. முப்பத்தெட்டு மாணவர்கள் சாட்சிக் கையெழுத்து இட்டிருக்கிறார்கள். தேபான் அண்ணன் அதை நெகிழி உறையில் போட்டு, தம் சட்டைக்குள் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார். ஒரு மூலையில் உப்புத் தண்ணீர் பட்டிருப்பதைப் பொறுத்தருள வேண்டும். இதைப் பணியிடத்திலிருந்து தரப்பட்ட விளக்கமாக ஏற்று, 25ஆம் தேதிக்கு முன் முதல் குறிப்பாணையை ரத்துசெய்து, அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். தண்டனை யாருக்காவது தந்தே ஆகவேண்டுமென்றால், பக்கத்தின் தலையில் அந்த வரியை எழுதியவள் நான். என் பணியிடத்தில் சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது. எனக்கு எந்தக் குறிப்பாணையும் உடனே வந்து சேரும்.

12. தாங்கள் மனமிரங்கி நல்ல முடிவு எடுத்தால், அதைத் திருமதி ஓமண்டக்குக்குத் தொலைபேசியில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவருடைய எண்ணை விளக்கத்தின் கீழே எழுதியிருக்கிறேன். மாலை நாலரை மணிக்கு மேல் அழைத்தால் எடுப்பார். அந்தச் செய்தியைக் கேட்க அவர் மேட்டில் ஏறித்தான் ஆகவேண்டும். அந்த ஒரு நாளை மட்டும், ஐயா, பணியிடத்தில் இல்லாத நாளாக எழுதிவிட வேண்டாம்.

இப்படிக்கு, தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
ஜெசினா லுமாபஸ்

நாள்: 12 செப்டம்பர் 2024
இடம்: பகுதாஸ், சந்தைத் தெரு, என் வீட்டுச் சமையலறை. நான் உண்மையிலேயே இங்கேதான் இருக்கிறேன்.

இணைப்பு: திருமதி மெர்லித்தா ஓமண்டக்கின் விளக்கம், மூன்று பக்கங்கள். மாணவர் கையெழுத்துகள், ஒரு பக்கம்.