உடைக்காத குளிசைப் பெட்டி

குச்சவெளி பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்ட கணவன் பிரகலாதனுக்குச் சிவாஜினி பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்.

"மகள் வீட்ட போறன். நாளைக்குப் பின்னேரம் வந்திடுவன். சோறும் சூடை மீன் குழம்பும் குசினியில மூடி வைச்சிருக்கு. காஸ்காரன் வந்தால் வெறும் சிலிண்டர் பின்பக்கம் கிடக்கு."

பேனையை மூடினாள், மறுபடி திறந்தாள். புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை முடிந்த நாளிலிருந்து அவன் ஹோலில்தான் படுக்கிறான். கேட்டால் களைப்பு என்கிறான். மூன்று மாதமாக அவளும் நம்பியதுபோல இருந்துவிட்டாள்.

"அலுமாரியில உங்கட சேட்டுகளுக்குப் பின்னால கிளினிக்கில தந்த குளிசைப் பெட்டியைக் கண்டனான். உடைக்காமலே கிடக்கு. கதிர் பிடிச்ச பிறகு தாம்பத்திய உறவு கெட்டுப் போகாமல் இருக்க உடனேயே தொடங்கவேணும் எண்டு உள்ளுக்கிருந்த துண்டில போட்டிருக்கு. நான் உங்களுக்கு அலுத்துப் போனன் எண்டெல்லோ நினைச்சு அழுதனான்! அடுத்த கிளினிக்குக்கு நானும் டொக்டரிட்ட உள்ளுக்கு வருவன். இனி வெளி வாங்கில குந்திக்கொண்டிருக்க என்னால ஏலாது."

தாளில் இடம் முடிந்துவிட்டது. அடி ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

"ஹோலில தலையணையைத் தேடாதேங்கோ. அது அறைக்குள்ள, கட்டில்ல உங்கட பக்கத்தில கிடக்கு."