உன் அம்மா உடைக்கச் சொன்ன பீம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உன் மாமாவும் பரம சுகம், அவனுக்கு ஒரு தலைவலிகூட வராது, வருவதெல்லாம் அடுத்தவர்களுக்குத்தான். அவன் உன்னைக் கூப்பிட்டு, அடுத்த கட்டடத்துக்குப் பொறுப்பான பொறியாளராக உன் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டானாம், சரி சொல்லலாமா என்று நீ அம்மாவிடம் கேட்டிருக்கிறாய். தம்பியைப் பற்றி அவள் வாய் திறக்க மாட்டாள். எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

அம்மா ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டு அழும் ஜியோபாலிமர் கான்கிரீட் உனக்குத் தெரியும், சிமென்ட்டே கிடையாது, அனல் மின் நிலையச் சாம்பல், இரும்பு ஆலைக் கசடு, பட்டால் தோலை உரிக்கும் ஒரு காரக் கரைசல், அவ்வளவுதான். சிமென்ட் ஆலைச் சூளையில் காலமெல்லாம் வெந்தவன் நான், எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்! சூளைப் புகை உலகத்தைக் கெடுக்கிறது என்று அவள் சொல்வாள், அந்தப் புகையில்தான் உன் மகள் படித்தாள் என்று நான் சொல்வேன். நடைபாதைக்கு ஆகும், தளத்தைத் தாங்குமா என்பேன். உன் மாமா மட்டும் அக்கா அக்கா என்று குழைந்தான். ஒரு பல் டாக்டருக்கு அவன் கட்டும் மருத்துவமனையில் மாடியைத் தாங்கும் பீமை இதில் போடலாம் என்றான். பூமி மேல் அக்கறை என்று நினைத்துவிடாதே, பக்கத்து பில்டரிடம் இல்லாத ஒன்று தன் விளம்பரப் பலகையில் இருக்க வேண்டும், அதுதான் அவன் அக்கறை.

பீம் வார்த்த அன்று அம்மாவை ஆய்வுக்கூட இயக்குநர் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார், கலவை அளவைச் சொல்லி, என்னை அங்கே நிற்கவைத்துவிட்டுப் போனாள். அந்தக் கலவை பிசின் மாதிரி ஒட்டும், மெதுவாகத்தான் இறங்கும். மாமாவுக்குப் பொறுமை ஏது, தண்ணீர்க் குழாயை மிக்ஸருக்குள் விட்டான். டேய், தண்ணி சேர்க்கக்கூடாதுன்னு அக்கா சொன்னாளே என்றேன், சும்மா இருங்க அத்தான், தண்ணி படாத கான்கிரீட் எந்த ஊர்ல இருக்கு என்று சிரித்தான். நான் போன் செய்து அம்மா ஓடி வருவதற்குள் முழு பீமும் வார்த்தாகிவிட்டது. மிச்சக் கலவையில் அவள் சோதனைக் கட்டிகள் போட்டு எடுத்துப்போனாள். பிறகு இயந்திரத்தில் வைத்து அழுத்தினால், இருக்க வேண்டிய வலுவில் பாதிகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் நம் குடும்ப ரத்தினத்தின் அழகைப் பார்த்திருக்க வேண்டும். பூசிட்டா எல்லா பீமும் ஒண்ணுதான் என்றான். இயக்குநரோ, சோதனை முயற்சி என்று சொல்லிக் கழன்றுகொள்ளலாம் என்றார், குளிர்சாதன அறையிலேயே உறைந்துபோன மனிதர், வேறென்ன சொல்வார். அம்மா தம்பி வீட்டுக்கே போய், வைத்தியத்துக்கு வர்ற ஜனங்க தலைக்கு மேல அது நிக்கக்கூடாது, உடைச்சிடு என்றாள். நீ அக்காவா எதிராளியா என்று கேட்டான். அக்காங்கிறதாலதான் முதல்ல உங்கிட்ட வந்தேன் என்று சொல்லிவிட்டு, நேரே டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். பீமை உடைத்தார்கள். மாமா சொந்தக்காரர் ஒருவர் விடாமல் எல்லாரிடமும், அக்காவோட சாம்பல் தேறலை, என் கட்டடமே போச்சு என்று ஒப்பாரி வைத்தான், குழாயைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. டாக்டரும் பயந்துபோய், இனி சிமென்ட்டே போதும்மா என்றார். அம்மா ராத்திரி சாப்பிடாமல் படுத்தாள். அவள் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் நானே டாக்டரிடம் போனேன். நான் சிமென்ட்காரன், இந்தக் கலவைக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒரு காரணமும் இல்லை, தப்பு கலவையில் இல்லை, தண்ணீரில், என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர், சரி, இன்னொரு தடவை போடுங்கள், ஆனால் உங்கள் மனைவி பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார். நின்றாள், கையுறையோடு, கடைசிச் சட்டி இறங்கும் வரை. முட்டுகளை எடுத்த பின் மேல் தளமெங்கும் தண்ணீர் நிரப்பிய டிரம்களை அடுக்கிக் கீழே, பீம் எவ்வளவு வளைகிறது என்று காட்டும் அளவுமுள்ளைப் பார்த்தோம், முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது, பாரத்தை இறக்கியதும் திரும்பிவிட்டது. அத்தனை நாள் பேசாத உன் மாமா அன்று பளபளவென்ற சட்டையில் வந்து பீமுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டான், நான் ஆரம்பத்திலேர்ந்தே நம்பினேன் என்று வந்திருந்த பத்திரிகைக்காரரிடம் சொன்னான். இயக்குநர் அவன் தோளில் கை போட்டிருந்தார். போட்டோவில் அம்மா இல்லை. அவள் பின்னால் ஆட்களை வைத்து டிரம்களைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில், உங்க சிமென்ட் அளவுக்கு நிக்குமா என்று கேட்டாள். வருஷம் போகட்டும், பார்க்கலாம் என்றேன். அப்படின்னா மாத்திரையை ஒழுங்கா போட்டுக்கிட்டு உயிரோட இருங்க, காட்டறேன் என்றாள்.

எல்லா நலனும் பெற்று நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மாமாவுக்குப் பதில் சொல்லுமுன், முதல் பீம் என்ன ஆயிற்று என்று அவனையே கேள். உண்மையைச் சொன்னால் பெயர் கொடு, சொல்லாவிட்டால் பாசம் மட்டும் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா