புகாரே இல்லாத பதிவேடு

அன்புச் சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பு பரவாயில்லை, அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது; நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் ஒவ்வொரு தடவையும் "சங்கத்துக்கு அங்கீகாரம் வந்துடுச்சாப்பா?" என்று கேட்கிறாய், நான் பேச்சை மாற்றுகிறேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை.

புதுச் சட்டப்படி மத்தியஸ்தம் செய்கிறவருக்குச் சான்றிதழ் வேண்டும், அதையும் மத்தியஸ்த ஆணையம் அங்கீகரித்த அமைப்புதான் தரலாம் என்று ஆகிவிட்டதல்லவா, பத்தொன்பது வருஷமாக நம் சங்கம் பயிற்சி கொடுத்துக் கையெழுத்துப் போட்ட சான்றிதழெல்லாம் ஒரே நாளில் வெறும் தாளாகிவிட்டது. அதனால் விண்ணப்பித்தோம். பயிற்சி எத்தனை மணி நேரம், தேர்வை யார் திருத்துகிறார், நடத்தை விதிகள் என்ன, தவறு செய்தவரின் சான்றிதழை எப்படித் திரும்ப வாங்குவீர்கள் என்று அறுபது பக்கம் கேள்வி. நானும் நம் செயலாளரும் நாலு மாதம் உட்கார்ந்து எழுதினோம். அவர் ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா அல்லவா, ஒரு கமாவுக்குக்கூட வாய்தா வாங்குகிற மனுஷன். போன மாதம் ஆணையத்திலிருந்து இரண்டு பேர் பார்வையிட வந்தார்கள். அவர்களில் ஒருவர் கண்ணாடி போட்ட அம்மாள், உன் வயதுதான் இருக்கும். பயிற்சி ஏடுகளைப் பார்த்துத் தலையாட்டினார், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்துப் புகார்ப் பதிவேட்டைக் கேட்டார். "இத்தனை வருஷத்துல ஒரு புகார்கூட இல்லைங்க" என்று பெருமையாக நீட்டினேன். வெற்றுப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "புகாரே வரலையா, இல்ல நீங்க வாங்கவே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

பேக்கரியில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஆணையத்துக்கு எழுதியது. ஆறு வருஷம் முன்பு அவளையும் அவள் கணவனையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசி, அவளைத் திரும்ப அந்த வீட்டுக்கு அனுப்பியவன் நான்தான். இரண்டு மாதம் கழித்து வீங்கிய கையோடு என்னிடம் வந்தாள். முடிந்த வழக்கு அவிழ்ந்தால் சங்கத்தின் பெயர் கெடும் என்று பயந்தேனோ என்னவோ, "கொஞ்சம் பொறுத்துப் போம்மா, சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டேன். பதிவேட்டில் ஒரு வரி எழுதவில்லை. அடுத்த மாதமே அந்தக் கை முறிந்திருக்கிறது, இன்றும் முழுசாக மடங்காதாம். குமாஸ்தா என் முகத்தையே பார்த்தார், இல்லை என்று சொல்லிவிடமாட்டேனா என்று. நான் "உண்மைதான்" என்றேன். அன்று நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை நிராகரிப்பு வந்துவிட்டது, மூன்று வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. நம்மிடம் பயின்ற முப்பத்தெட்டுப் பேருக்கும் இனி கோர்ட் வழக்கு அனுப்பாது. அவர்களில் ஒருவர்கூடத் தப்பு செய்யவில்லை. எல்லோருக்கும் நானே போன் செய்தேன். அவர்களில் ஒரு முன்னாள் நர்ஸ் மட்டும் அழுதார், மற்றவர்கள் "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார்கள், அது அழுகையைவிட மோசமாக இருந்தது. குமாஸ்தா சங்கத்துச் சாவியை நம் வீட்டுத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நேற்று மன்னிப்புக் கேட்கலாம் என்று பேக்கரிக்குப் போனேன். இடது கையால் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "உங்க மேல கோவம் இல்ல சார். வேற யார் சொல்லியிருந்தாலும் நான் திரும்பிப் போயிருக்க மாட்டேன். நீங்க சொன்னீங்கன்னுதான் போனேன்" என்றாள். பிறகு, "என்ன வேணும்?" என்று கேட்டாள். நான் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று வருஷம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்கிறாள் உன் அம்மா. எனக்கு அறுபத்தொன்பது ஆகிறது, ஓடினாலும் சங்கத்துக் கதவைத் திறக்க எனக்குக் கை வராது.

பிள்ளையைப் பல் டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதே. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையோடு மனஸ்தாபம் என்று அம்மாவிடம் சொன்னாயாம், அப்பாவிடம் கேட்டு வழி சொல்லும்மா என்றாயாம். என்னிடம் வழி ஒன்றுமில்லை கண்ணு. உன் கட்டில் அப்படியேதான் இருக்கிறது, வருவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அப்பா